வாசலில் நகர்ந்த கார்

கோயில் பக்கத்துல கார் கதை எழுதுறானேன்னு நினைக்காதீங்க. பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனா பழைய காரில் வயசானவங்களை ஏத்திக்கிட்டு வர்றவங்க தயவு செஞ்சு முழுசா படிங்க.

என்னோடது ஆட்டோ கியர் புரோட்டோன் வீரா 1.5, இன்ஜெக்‌ஷன் வண்டி. வெள்ளிக்கிழமை தோறும் சுங்கை சுவாவிலிருந்து ஒரு பாட்டியைப் பூஜைக்கு அழைச்சிட்டு வருவேன். சில மாசமா ஜாலான் செமினி டிராபிக் லைட்டில் நின்னா, ஏர்கோன் ஓடும்போது இன்ஜின் நடுங்கும், சில நேரம் அணைஞ்சே போயிடும். பின்னாடி ஹார்ன் சத்தம். பாட்டி பாவம், கண்ணை மூடிக்கிட்டு முருகா முருகான்னு சொல்லுவாங்க.

எங்க அப்பா 80-களில் வாங்கிய சாகா கார்பரேட்டர் வண்டி. ஐடல் குறைஞ்சா ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார், சரியாயிடும். அதே நினைப்பில் நானும் த்ரோட்டல் பாடியில் கண்ணுக்குத் தெரிஞ்ச ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டேன். இன்ஜின் அணையவே இல்லை. பெருமையா இருந்துச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நிறுத்தினேன். கியர் D-யில், கால் பிரேக்கில். பாட்டி ஒரு காலைக் கீழே வெச்சாங்க. அவங்க பூத்தட்டை எடுக்க நான் பின்னால் திரும்பினேன். பிரேக்கில் இருந்த கால் கொஞ்சம் தளர்ந்துச்சு. கார் சட்டுனு முன்னால் போயிடுச்சு. வாசலில் நின்ன தொண்டர் அண்ணன் பாட்டியைத் தாங்கிப் பிடிச்சாரு. அடி எதுவும் படலை. பாட்டி ஒண்ணுதான் கேட்டாங்க: "என்ன தம்பி, அவ்வளவு அவசரமா?" அன்னைக்கு அர்ச்சனைக்கு நின்னப்போ என் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு.

மறுநாள் போமன்கிட்ட போனேன். மெஷினை மாட்டிப் பார்த்தார். இன்ஜின் சூடான பிறகு ஏறத்தாழ 750 சுற்று ஓட வேண்டிய ஐடல், 1,200-ஐத் தாண்டி ஓடிக்கிட்டிருந்தது. அதுதான் காரைத் தள்ளியிருக்கு.

அவர் விளக்கியது இதுதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஐடலைப் பார்த்துக்கிறது கம்ப்யூட்டர். நாம எண்ணெய்ப் பெடலை விட்டதும் த்ரோட்டல் தகடு மூடிக்கும். காற்று பக்கத்திலுள்ள சின்ன வழியில் போகும். ஒரு குட்டி மோட்டார் அந்த வழியைத் திறந்து மூடும். ஏர்கோன் போட்டால் கூடுதலா திறக்கும். வருஷக்கணக்கில் அங்கே கரி படிஞ்சா காற்று பத்தாது, இன்ஜின் நடுங்கும். நான் திருப்பினது ஃபேக்டரியில் வெச்ச ஸ்க்ரூ. அதைத் தொட்டா தகடு முழுசா மூடாது. கால் இன்னும் பெடலில் இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும், ஐடலைக் குறைக்காது. நோயை விட்டுட்டு அறிகுறியை மறைச்சிருக்கேன். வண்டி மேல குற்றமே இல்லை, சுத்தம் பண்ணாம விட்டது நான்.

அவர் அந்த ஸ்க்ரூவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். த்ரோட்டல் பாடியைக் கழற்றி, கிளீனர் அடிச்சு, தகட்டு ஓரத்தையும் காற்று வழியையும் துடைச்சார். வெடிச்சுப்போன ஒரு வேக்குவம் ஹோஸை மாத்தினார். கடைசியாத்தான் மெஷினைப் பார்த்துக்கிட்டே ஐடலைச் சரி செஞ்சார். இப்போ ஏர்கோன் போட்டாலும் நடுக்கம் இல்லை, பிரேக்கை விட்டாலும் கார் மெதுவாத்தான் நகருது.

அதனால் சொல்றேன். பழைய கார் நடுங்கினா முதலில் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்க்ரூவைத் தெரிஞ்சவங்க தொடட்டும். டிராபிக் லைட்டில் அணையுற கார் நமக்குத் தொல்லை மட்டும்தான். வாசலில் தானா ஓடுற கார் மத்தவங்க உயிருக்கு ஆபத்து.

இன்னொரு வேண்டுகோள். கோயில் வாசலில் பெரியவங்களை இறக்கும்போது கியரை P-யில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகுதான் கதவைத் திறக்கணும். வாசலில் நிக்கிற தொண்டர்களும் அதைப் பார்த்துட்டே கை கொடுங்க.

பாட்டி இந்த வெள்ளிக்கிழமையும் என் காரில்தான் வர்றாங்க. அந்த நம்பிக்கையைக் காப்பாத்தணும்.

முருகன் துணை.