முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்!

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போனது சேலம் செவ்வாய்ப்பேட்டை. பாட்டியின் பழைய வெள்ளியைக் கொடுத்து, மகளின் சீருக்குக் கொலுசு வாங்குகிறார் ஓர் அம்மா. அடுத்து, பெட்டி. ‘சிவப்பு வெல்வெட் ஒட்டியதா, தங்கத்தாள் சுற்றியதா, வார்னிஷ் மின்னும் மரமா?’ என்று மகளோடு ஒரே விவாதம். எல்லார் கண்ணும் மூடி மேலேதான்!

விலை உயர்ந்த சுருட்டுக்குப் பெட்டி செய்பவர்கள் வெளியே எவ்வளவு மெருகு ஏற்றினாலும், உள்ளே வேம்பு குடும்பத்து சீடார் மரத்தை வார்னிஷ் பூசாமல் விடுவார்கள். பூசினால் அந்த வாடை புகையிலையில் ஏறிவிடும்.

வெள்ளிக்குப் பகை கந்தகம். நாமக்கல் முட்டையை வெள்ளிக் கரண்டியால் சாப்பிட்டால் கரண்டி கறுப்பது அதனால்தான். கம்பளியிலும் ரப்பரிலும்கூட கந்தகம் உண்டு. அவற்றை உள்ளே ஒட்டிய பெட்டியில் பல வருஷம் பூட்டி வைத்தால், கொலுசு பேத்தி கைக்குக் கறுத்துத்தான் போய்ச் சேரும்.

மூடியின் அழகு கல்யாணத்தன்று ஒரு நாள் பேச்சு. கொலுசோடு குடியிருப்பது உள்ளே ஒட்டிய துணி. எனவே முதலில் பெட்டியைத் திறந்து, தொட்டு, முகர்ந்து பாருங்கள். சந்தேகமா? கஞ்சி போடாத, துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் கொலுசைச் சுற்றி வையுங்கள்.