பந்தல் கணக்குக்கு கம்ப்யூட்டர் தயார் பண்ணின கதை

வேல் வேல்! 

இந்த 2025 தைப்பூசத்துக்கு எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்த சிலர், "என்ன அண்ணே, ராத்திரி 2 மணிக்கும் சுடச்சுட சாதம் இருந்துச்சே" என்று கேட்டீர்கள். அதுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரும் எங்களோட கொஞ்சம் முட்டாள்தனமும் இருக்கு. பதிவு நீளம்தான், பொறுத்துக்குங்க. மற்ற பந்தல்காரர்களுக்கும் உதவும்னு எழுதுறோம்.

2024 தைப்பூசம், ஜனவரி 25, விடியற்காலை 2 மணி. சாதம் தீர்ந்துபோச்சு. 513 படியும் ஏறி பால்குடம் செலுத்திட்டு இறங்கின ஓர் அம்மா, தோளில் தூங்குற பிள்ளையோடு வந்து தட்டை நீட்டினாங்க. எங்ககிட்ட இருந்தது மோரும் பிஸ்கட்டும்தான். "பரவால்லப்பா"னு வாங்கிட்டுப் போனாங்க. திட்டியிருந்தா கூட மறந்திருப்போம். அடுத்த அண்டா வெந்து இறங்குறப்போ மணி மூணேகால்.

நாங்கள் கணக்கு எழுதாதவங்க இல்லை. எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க, மணிக்கு மணி எழுதிப் பழக்கம். எத்தனை தட்டு, எத்தனை கப் மோர் என்று மூணு வருஷ நோட்டு இருந்துச்சு, மஞ்சள் கறையோட. எழுதினோமே தவிர திரும்பிப் பார்த்ததே இல்லை.

எங்கள் குழுவில் ஒரு தம்பி, யுனிவர்சிட்டி படிப்பு. அவன்தான் நோட்டை எல்லாம் எக்செல்லில் ஏத்தி, "ஆர்" என்ற புரோகிராமில் படமா போடலாம்னு ஆரம்பிச்சு வெச்சான். பாதியில் கோலாலம்பூரில் வேலை கிடைச்சுப் போயிட்டான். கம்ப்யூட்டர் எங்க கையில்.

ஆர் என்பது புள்ளிவிவரக் கணக்குக்கான மொழி. நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு பேர் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பிச்சது. ரெண்டு பேர் பெயருக்கும் முதல் எழுத்து ஆர். முழுசா இலவசம். அதுக்கு மேல் பொருத்திக்கொள்ளும் "பேக்கேஜ்" 20,000க்கு மேல் இருக்கு. அதில் பெரும்பாலானதை உலகம் முழுக்க ஆளுங்க எழுதி சும்மா கொடுத்திருக்காங்க. அதுவும் ஒரு அன்னதானம்தானே என்று எங்க அக்கா ஒருத்தர் சொன்னாங்க.

எங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. எக்செல்லைப் படிக்க ரீட்எக்செல், படம் போட ஜிஜிபிளாட்2. ஆனா ஒரு பெரிய மனுஷரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டா கூட இருபது பேர் வருவாங்க இல்லையா, அந்த மாதிரி ஒவ்வொரு பேக்கேஜும் தனக்குத் துணையா வேற பேக்கேஜ் கேட்கும். டிபென்டன்சி என்பார்கள். அதில் ஒண்ணு குறைஞ்சாலும் முதல் ஆளும் வரமாட்டார். ஃபேக்டரியில் ஒரு ஸ்க்ரூ இல்லாம லைன் நிக்கிற கதைதான்.

தம்பி போட்டிருந்தது பழைய ஆர் 4.1. அதில் "மோர்" என்று நாங்கள் வெச்ச தலைப்பு தமிழில் வரல. ம என்ற எழுத்துக்குப் பதிலா யு, கூட்டல் குறி, 0பிஏஈ என்று ஏதோ கோடு. விண்டோசில் இந்தத் தொல்லை 2022ல் வந்த 4.2லிருந்து தீர்ந்துடுச்சுனு கேள்விப்பட்டோம். பொங்கல் வாரம், ஒரு ராத்திரி, யாரையும் கேட்காம 4.4 ஏத்திட்டோம். தமிழ் வந்துச்சு. பேக்கேஜ் எல்லாம் காணோம்! "இந்தப் பெயரில் பேக்கேஜ் இல்லை"ன்னு சிவப்பு எழுத்து. தம்பி செஞ்சது அத்தனையும் அழிச்சிட்டோம்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல.

ராத்திரி 11 மணிக்கு அவனுக்குப் போன். சிரிக்கிறான். "அழியல அங்கிள். 4.1க்கு ஒரு அலமாரி, 4.4க்கு ஒரு அலமாரி. புது அலமாரி காலியாதான் இருக்கும். பழசை எடுத்து இதில் வைக்காதீங்க, புதுசா இறக்குங்க." நாங்கள் பெரியவங்க இல்லையா, பழசைத்தான் முதலில் காப்பி பண்ணினோம். அது ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு இன்னொரு ராத்திரி போச்சு. கடைசியில் காப்பி பண்ணினதை அழிச்சிட்டு அவன் சொன்னபடியே செஞ்சோம்.

நாங்கள் பட்டதை வரிசையா சொல்றோம். முதலில் ஆர், அப்புறம்தான் ஆர்ஸ்டூடியோ. கட்டளையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினா ஓடாது. எங்க தடிச்ச விரலுக்கு இதுவே அரை மணி நேரம். நடுவில் "சோர்ஸிலிருந்து ஏத்தவா"னு கேட்கும். நாங்கள் மரியாதையா யெஸ் போட்டோம், நின்னுபோச்சு. அதுக்கு ஆர்டூல்ஸ் என்ற தனிக் கருவி வேணும், அதுவும் 4.4க்கு 44 என்று நம்பர் பொருந்தணும். நோ போட்டா தயார் செஞ்சு வெச்சதை அப்படியே இறக்கிடும், எங்களுக்கு அது போதும். ஹேன்போன் லைன் பாதியில் கட்டாச்சுனா 00லாக் என்று ஆரம்பிக்கிற ஒரு ஃபோல்டர் மிஞ்சி நிக்கும். அதை அழிச்சாதான் மறுபடி ஏறும். ஆர்லாங் பழசு என்று சொன்னா எல்லாத்தையும் மூடிட்டு, புதுசா திறந்து, வேற எதையும் தொடாம அதை மட்டும் முதலில் ஏத்துங்க.

மூணாவது ராத்திரி படம் வந்துச்சு. மூணு வருஷமும் ஒரே மாதிரி மேடு, ராத்திரி 1லிருந்து 3 வரை. நாங்களோ ரெண்டாவது அண்டாவை 2 மணிக்குத்தான் அடுப்பில் ஏத்திக்கிட்டு இருந்திருக்கோம். நோட்டிலேயே இருந்த விஷயம்.

பிப்ரவரி 11, இந்த முறை நள்ளிரவு 12 மணிக்கே அடுப்பு மூட்டியாச்சு. 2 மணிக்கு வந்தவங்களுக்கு சாதம் இருந்துச்சு. அந்த அம்மா வருவாங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். கூட்டத்தில் தெரியல. மோர்தான் கணக்கு தப்பி ரெண்டு டிரம் மிஞ்சிடுச்சு, அதையும் எழுதி வெச்சிருக்கோம்.

கம்ப்யூட்டர் தயார் பண்ணின முறையை இப்போ தமிழில் ஒரு நோட்டில் எழுதி, அண்டா சாவி தொங்குற ஆணியிலேயே மாட்டியிருக்கோம். அடுத்த வருஷ மோர்க் கணக்குக்கு உட்கார ரெண்டு பிள்ளைங்க வேணும். படிச்சிருக்கணும்னு இல்லை. பந்தல் ஆளுங்க யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க, சாப்பாடு எங்க பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!