சிட்டா, பூச்சியா?

இட்லிப் பூச்செடி வளர்க்கும் சகோதரிகள் பார்த்திருப்பீர்கள். காலை வெயிலில் பச்சையாக ஏதோ ஒன்று விர்ரென்று வந்து, பூவில் உட்காராமலே தேன் குடித்துவிட்டுப் போகும். "தேன்சிட்டுக் குஞ்சு, அத்தை!" என்று சாதித்தாள் என் மருமகள். குஞ்சுக்குத் தலையில் ஏதடி இரண்டு கொம்பு? அது பகலில் பறக்கும் ஒருவகை அந்துப்பூச்சி. இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கும். பிறக்கும்போது அதிலும் தூள் உண்டு. முதல் தடவை பறக்கும்போதே உதிர்ந்துவிடும்.

சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும். அலகு எட்டாத நீளப் பூவென்றால் அடியில் துளை போட்டுத் திருடும். சமர்த்து! பூச்சிக்கு அந்தக் கஷ்டமில்லை. கடிகார வில் மாதிரி சுருட்டி வைத்திருக்கும் குழலை நீட்டினால் போதும்.

பிள்ளை வளர்ப்பில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் தாழ்வாரத்துக் கொடிக்கம்பியில் பெண்சிட்டு கூடு கட்டியது. நார், சிலந்தி நூல், பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாம் சேர்த்து! வாசலுக்கு மேலே சின்ன இறவாரம் வேறு. இரண்டு முட்டை, இரண்டு வாரம் அடை. பொரித்த பிறகு ஆணும் இரை கொண்டுவந்தது. குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது. பூச்சியும் சிலந்தியும் வேண்டும்.

அந்துப்பூச்சி இலையில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதற்காக அதை நான் வைய மாட்டேன். தான் இலையே தின்னாது. ஆனாலும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் கார்டீனியா, காப்பிச் செடி என்று தேடிப் பிடித்துத்தானே வைக்கிறது!

போன மாதம் இதனால் வீட்டில் சண்டை. மருமகள் ஆசையாய் வளர்த்த கார்டீனியாவில் வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழுக்கள், இலையெல்லாம் சல்லடை. மகன் மருந்து டப்பாவோடு வந்து நின்றான். பத்தடி தள்ளிக் கூட்டில் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. மருந்து பட்ட பூச்சியைத் தாய் ஊட்டினால் என்ன ஆகும்? கீழே தவழும் எட்டு மாதப் பேரனோ அகப்பட்டதையெல்லாம் வாயில் போடுகிறவன். "செடி போனால் போகட்டும், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டு வாடா" என்றேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

மருமகள்தான் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏழு புழு. குஞ்சுகள் பறந்துவிட்டன, செடியும் துளிர்விடுகிறது. ஒரு புழுவை மட்டும் வாயகன்ற பாட்டிலில் ஈர மண்ணும் சருகும் போட்டு வைத்து, தினம் இலை கொடுத்து வந்தாள். நேற்று அது சருகுக்கடியில் புகுந்துகொண்டது.