பெண்பிள்ளையின் படிப்புச் செலவு

நம் நாட்டில் கல்வி இலவசமாயிருக்க, பெண்பிள்ளைகளின் படிப்புக்கென்று தனியே நிதி எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வியில் குற்றமில்லை. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களில்தான். அதுவரை லயத்துப் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

வட்டகொடைக்கும் தலவாக்கலைக்கும் இடையே ரயிலில் ஒரே நிறுத்தந்தான். 1983 ஆடிக் கலவரத்தின்போது நான் எட்டாம் வகுப்பு மாணவி. பாடசாலை மீண்டும் திறந்தபின்னும், பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனியே ரயிலேற்ற எங்கள் வீட்டில் எவருக்கும் மனம் துணியவில்லை. அப்பா துணைக்கு வந்தால் அன்று அவருக்கு அரைப் பேர்தான் விழும். அம்மா வந்தாலும் அதே கதி. கலவரம் படிப்புச் செலவை எப்படி ஏற்றுகிறது என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. மாமா குடும்பம் அவ்வாண்டே வவுனியாப் பக்கம் போய்விட்டது. என் வகுப்பிலிருந்த அவர் மகள் பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை.

என் படிப்பு நிற்காமைக்குக் காரணம் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கைக்குழந்தையாயிருந்த என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அப்பாவுக்கு விழாத அரைப் பேரை ஈடுசெய்ய அவள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கைக்காசுக் கொழுந்துக்குப் போனாள். தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. கல்யாணம் நான்கு ஆண்டு தள்ளிப்போயிற்று. அரசாங்கத்தின் இலவசக் கல்விக்கு மிஞ்சிய தொகையை அவளே செலுத்தினாள். இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண் படிக்க மற்றொரு பெண் இவ்வளவு கொடுக்க வேண்டியிருந்ததே, அது என்ன நியாயம்?

உதவிகள் இல்லாமலில்லை. இந்திய அரசாங்கம் 1940களில் ஏற்படுத்திய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தர வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உபகாரச் சம்பளம் வழங்கி வருகிறது. அதனால் முன்னேறிய குடும்பங்கள் பல. ஆனால் எங்கள் பெண்பிள்ளைகள் உயர்தரத்துக்கு வருமுன்பே, எட்டிலும் ஒன்பதிலும் நின்றுவிடுகிறார்கள். கொழும்பில் வீட்டு வேலைக்குப் பெண் கேட்டு ஆள் வருவதும் அந்த வயதில்தான்.

வங்காளதேசம் 1994-இல் இதற்கு ஒரு வழி கண்டது. கிராமங்களில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. நூற்றுக்கு 75 நாள் வரவு வேண்டும். பரீட்சையில் 45 புள்ளி வேண்டும். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைப் படித்தபோது அக்காவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. "அந்தக் காசை எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்!" என்றாள்.

ஆசிரியைகள் நாங்கள் சிலர் மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கி, இவ்வாண்டு ஏழு மாணவிகளுக்குப் பிரயாணச் செலவு கொடுக்கிறோம். சென்ற மாதம் ஒரு தாய் வந்தார். "பஸ் காசு நாங்க பார்த்துக்குவோம் டீச்சர். பின்னேர வகுப்பு முடிஞ்சு வர்றப்போ துணைக்கு ஒரு ஆள் கிடைக்குமா?" என்று கேட்டார். ஒரே வழியில் போகும் மூன்று பிள்ளைகளைச் சேர்த்து அனுப்ப இப்போது ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.