வீட்டிலேயே இருங்கள்... வீடு எங்கே?

2020 மார்ச் 24. தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு, யாரும் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றார். டிவி வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். தஞ்சாவூர் ரயிலடியிலும், பேருந்து நிலையத்திலும், கோயில் மதில் ஓரத்திலும் படுத்திருந்தவர்களுக்கு விடிந்த பிறகு போலீஸ்காரர் வந்து எழுப்பியபோதுதான் விஷயம் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போ என்றால் எங்கே போவது?

அதற்கு ஏறத்தாழ ஏழு வாரம் முன்னால்தான், பிப்ரவரி 5-ம் தேதி, பெரிய கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. இலட்சக்கணக்கில் கூட்டம். கூட்டம் இருக்கும் இடத்தில் வீடற்றவர்களுக்குச் சோறு இருக்கும். பக்தர் போடும் காசு, அன்னதானச் சாப்பாடு, டீக்கடையில் தண்ணீர் தூக்கிக் கொடுத்தால் கிடைக்கும் டீயும் பன்னும், பொறுக்கிய பாட்டிலையும் அட்டையையும் எடைக்குப் போட்டால் வரும் முப்பது நாற்பது ரூபாய், பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்கினால் கூலி. பெரிய கோயிலைச் சுற்றி, கும்பகோணம் மகாமகக் குளக்கரையில், நாகூர் தர்கா வாசலில், வேளாங்கண்ணியில் என்று டெல்டாவின் எல்லா ஊர்களிலும் இதே பொருளாதாரம்தான். ஊரடங்கில் கோயில், தர்கா, மாதா கோயில், டீக்கடை, பழைய பேப்பர் கடை, பஸ், ரயில் எல்லாம் மூடப்பட்டன. கட்டணக் கழிப்பறையும் பஸ் ஓடினால்தானே திறப்பார்கள்! சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று செல்போனில் இருமலோடு ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று அந்தக் குரல் சொல்லவில்லை. முகக்கவசத்தைத் துவைத்தால் எங்கே காயப்போடுவது என்பதையும்தான்.

நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் கிளம்பினார்கள், அதை மறுக்கக் கூடாது. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு பைக்கில் சுற்றிய இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லோரும் மதியம் பன்னிரண்டு மணிக்கு, எல்லோருக்கும் தெரிந்த அதே இடத்துக்குத்தான் வருவார்கள். அங்கே ஒருவர் கையில் நான்கு பொட்டலம் சேரும். சந்துக்குள் நடக்க முடியாமல் கிடப்பவருக்கு ஒன்றும் போகாது. சித்திரை வெயிலில் சாம்பார் சாதம் மாலைக்குள் ஊசிப்போகும், ராத்திரிக்குப் பட்டினி. (புளியோதரைதான் தாங்கும். கட்டுச்சோறு கட்டிப் பழகிய பாட்டிகளைக் கேட்டால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.)

அடுத்து அரசாங்க உதவி. 2020 ஏப்ரலில் அரிசி ரேஷன் கார்டு வைத்திருந்தவர்களுக்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். இரண்டாவது அலை வந்த 2021-ல் ஆட்சி மாறியிருந்தது. மே மாதம் 2000, ஜூன் மாதம் 2000, கூடவே 14 வகை மளிகைப் பொருட்கள். ஏறத்தாழ 2 கோடிக் குடும்பங்களுக்குப் போன நல்ல திட்டம், குறை சொல்ல முடியாது. ஆனால் ரேஷன் கார்டு வாங்க முகவரி வேண்டும். வீடு இல்லாதவருக்கு முகவரி இல்லை, முகவரி இல்லாதவருக்குக் கார்டு இல்லை. ஆக, ஊரிலேயே மிக ஏழையானவர்தான் பட்டியலில் இல்லை.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். செக்கில் இரண்டு வகை உண்டு. பேரர் செக் என்றால் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு வங்கியில் பணம் தந்துவிடுவார்கள். மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதிவிட்டால், பெயரும் கணக்கும் இல்லாதவர் கையில் அது வெறும் காகிதம். ரேஷன் நிவாரணம் கோடு போட்ட செக். களவு போகாது, கணக்குச் சரியாக இருக்கும், தணிக்கையில் மாட்டாது. வீடற்றவரால் மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

பேரர் செக் மாதிரி ஏதாவது இருந்ததா என்றால், இருந்தது. அம்மா உணவகம். 2013-ல் சென்னையில் ஆரம்பித்து மற்ற ஊர்களுக்கும் பரவியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். ஊரடங்கு நாட்களில் பல ஊர்களில் இலவசமாகவே போட்டார்கள். அங்கே யாரும் கார்டு கேட்கவில்லை, விரல் ரேகை கேட்கவில்லை. வரிசையில் நின்றால் தட்டு. அரசியல் காரணத்துக்காக அதைத் திட்டுபவர்களும் புகழ்பவர்களும் உண்டு. ஆனால் 2020-ல் வீடற்றவர்களின் வயிற்றை நேராகத் தொட்ட அரசாங்க ஏற்பாடு அதுதான் என்பதில் சந்தேகமில்லை.

தஞ்சாவூருக்கு இது புதிதும் இல்லை. மராட்டிய மன்னர்கள் காலத்தில் இராமேசுவரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். 1799-ல் நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் சில உரிமைகளும்தான் மிச்சம். அந்த நிலையிலும் அவர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அங்கே என்ன நடக்கிறது என்றும் விவரமாக எழுதியிருக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. நோயாளிக்கு வைத்தியர் உண்டு, குணமாகும் வரை தங்கலாம். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குப் பராமரிப்பு, குழந்தைக்குப் பால். இறந்து போனால் அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு. இதையெல்லாம் விட ஒன்று: நள்ளிரவு வரை சோறு போட்டுவிட்டு மணி அடிப்பார்களாம், இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லி! மறு வருடமே, 1802-ல், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரில் ஒரு பெரிய சத்திரம் எழுந்தது. பிற்காலத்தில் அது மாணவர் விடுதியாக இருந்து, பிறகு பராமரிப்பில்லாமல் சிதைந்துபோனது தனிக்கதை.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல இதை எழுதவில்லை. சத்திரத்திலும் சாதி பார்த்துத்தான் பந்தி பிரித்தார்கள். நிலத்தை உழுதவனுக்குக் கிடைக்காத நெல்தான் அங்கே சோறாகவும் வெந்தது. கவனிக்க வேண்டியது அந்த மணி. சாப்பிடாதவர் வந்து நிரூபிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, கூப்பிட்டார்கள்.

சோறு சரி. கூரை? இதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு உத்தரவு போட்டது. ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்குப்படி தஞ்சாவூர் நகரத்தின் மக்கள்தொகை 2,22,943. அப்படியானால் குறைந்தது இரண்டு வேண்டும். மத்திய அரசின் தங்குமிடத் திட்டத்தில் ஒரு ஆளுக்கு 50 சதுர அடி என்பது அளவாக இருந்தது. சாதாரண நாளைக்கு அது தேவலை. தொற்று பரவும் நாளில், எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்தால் இடைவெளி எங்கிருந்து வரும்? அதனால்தான் 2020-ல் காலியாகக் கிடந்த மாநகராட்சிப் பள்ளிகளையும் சமுதாயக் கூடங்களையும் பல ஊர்களில் திறந்துவிட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் பள்ளி ஒருநாள் திறந்துதானே ஆக வேண்டும்! அப்போது இவர்கள் பழைய இடத்துக்கே.

இங்கிலாந்தில் வேறு மாதிரி செய்தார்கள். 2020 மார்ச் கடைசியில், தெருவில் தூங்கும் எல்லோரையும் உள்ளே கொண்டுவாருங்கள் என்று அரசு உள்ளாட்சிகளுக்குச் சொன்னது. சுற்றுலா இல்லாமல் காலியாக இருந்த ஓட்டல்களில் ஆளுக்கு ஒரு அறை. 2021 ஜனவரி வாக்கில் 37,000 பேர் வரை இந்த ஏற்பாட்டில் உதவி பெற்றார்கள். முதல் அலையில் 266 வீடற்றவர்களின் உயிர் இதனாலும் மற்றத் தடுப்பு நடவடிக்கைகளாலும் காப்பாற்றப்பட்டது என்று 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்கள் பணக்கார நாடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் லாட்ஜ்கள் காலியாகத்தானே கிடந்தன?

பிறகு தடுப்பூசி. முதலில் அதற்கும் அடையாள அட்டை, செல்போன், ஓ.டி.பி. அட்டை இல்லாதவர்களுக்கும் போடலாம் என்று 2021-ல்தான் மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது. முதல் டோஸ் போட்டவரை இரண்டாவது டோஸுக்கு எப்படிக் கூப்பிடுவது? எஸ்.எம்.எஸ். அனுப்ப நம்பர் இல்லை. இன்று ரயிலடி, நாளை வேளாங்கண்ணி என்று அலைபவரைத் தெரிந்தவர் பக்கத்தில் படுக்கும் இன்னொருவர்தான்.

இத்தனைக்கும் அந்த வருடம் டெல்டாவில் நெல்லுக்குக் குறைவில்லை. 2020 ஜூன் 12-ம் தேதி, எட்டு வருடங்களுக்குப் பிறகு சரியான தேதியில் மேட்டூர் அணை திறந்தது. குறுவை அமோகம். வழக்கம்போல நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மலையாகக் குவிந்து தார்ப்பாயோடு மழைக்குக் காத்துக் கிடந்தது. டெல்டாவில் நெல்லுக்கே கூரை கிடைப்பதில்லை என்று விவசாயிகள் சொல்லும் வேடிக்கையில் பாதி கோபம்.

வீடற்றவர்கள் எத்தனை பேர் என்று அரசாங்கம் எண்ணுவது பத்து வருடத்துக்கு ஒரே ஒரு இரவில். கடைசியாக 2011 பிப்ரவரி 28 இரவு, கணக்கெடுப்பாளர்கள் நடைபாதைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் போய் எண்ணினார்கள். நாடு முழுக்க 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். அடுத்த எண்ணிக்கை 2021-ல் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவித்தார்கள். ஆக, தொற்றுக்கு முன் மதில் ஓரத்தில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், தொற்று முடிந்தபோது அதில் எத்தனை பேர் மிச்சம் என்பதற்கு எந்த லெட்ஜரிலும் பதிவு இல்லை.