நம் குடியிருப்பில் முளைக்கும் கீழாநெல்லி

நாகபுரியில் முதல் மழை பெய்து பதினைந்து நாள் கழிந்தால், ரயில்வே குடியிருப்புகளின் கொல்லைகளில் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். ஊரில் வேலியோரம் கண்ட அதே செடிதான். மராத்தியர் இதனைப் 'புயீ ஆவளா' என்பர். நிலத்து நெல்லி என்று பொருள். பெயரிடுவதில் அவர்களுக்கும் நமக்கும் நெல்லியே நினைவுக்கு வந்திருக்கிறது!

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதனை அடையாளங் காட்டுவோர் குறைவு. செடி ஒரு முழத்தளவே வளரும். புளியிலைபோல் இரு வரிசை இலைகள். கிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைகளின் கீழே சிறு காம்புகளில் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். காய் காம்பின்றி ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாயிருந்தால் அது செங்கீழாநெல்லி. தண்டைக் கிள்ளப் பால் வடியுமானால் இது கீழாநெல்லியே அன்று. அந்தி சாய்ந்தால் இலைகள் கூம்பிவிடுமாதலால் பகலிலேயே தேடுக. தண்டவாளத்தோரம் எத்தனை செழித்திருந்தாலும் பறிக்கலாகாது. களைக்கொல்லி தெளிக்கப்படும் இடம் அது.

வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நெல்லிக்காயளவு அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது மஞ்சட்காமாலைக்கு நம் வீட்டு வழக்கம். 1988-இல் சென்னையில் நடந்த ஆராய்ச்சியொன்று 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. 'பி' வகைக் கிருமியைச் சுமந்தோரில் இம்மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் அதன் அடையாளம் மறைந்ததாம். பிற இடங்களில் பின்னர் நடந்த சோதனைகள் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் அடுத்த வரிசை வீடொன்றில் ஒரு சிறுமிக்குக் கண் மஞ்சளித்தது. பாட்டியார் முறை தவறாது மருந்து கொடுத்தார். நான்காம் நாள் வாந்தி. பிறகு பிள்ளை தன் பெயரையே தடுமாறிச் சொன்னாள். இரவோடிரவாக மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பல நாள் கிடந்து பிழைத்தாள். பாட்டியாரைக் குறை கூற எனக்கு மனமில்லை. தண்ணீரால் பரவும் 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும்; அப்புகழ் அரைத்துக் கொடுத்த பச்சிலையைச் சேர்கிறது. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். அதை மோர் கரைக்குமா? ஆதலின் முதலில் இரத்தப் பரிசோதனை. பச்சிலை கொடுப்பதாயின் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. கருவுற்றோரும் நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் தாமாகக் குடிக்க வேண்டாம்.

பறிக்கும்போது காய் முற்றிய செடிகள் இரண்டொன்றை விட்டுவையுங்கள். காய் வெடித்து விதை சிதறும். அடுத்த மழைக்கு அங்கேயே முளைக்கும்.