ஓட்டம் பிடித்த சொல்

சென்ற வாரம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஸார், 'ஸ்கெடாடில்' என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டான். கதைப் புத்தகம் ஒன்றில் கண்ட ஆங்கிலச் சொல். "வேகமாகப் போதல்" என்றேன். "அப்படியானால் ரயில் ஸ்கெடாடில் செய்கிறது என்று எழுதலாமா?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அகப்பட்டுக் கொண்டவன் நானல்லவா? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் விரையுமே யன்றி ஸ்கெடாடில் செய்யாது. ஆபத்தைக் கண்டோ, வேலைக்குப் பயந்தோ, போட்டது போட்டபடி ஓட்டம் பிடிப்பதற்கே அந்தச் சொல் உரியது. 'கம்பி நீட்டினான்' என்று நாம் சொல்லுகிறோமே, ஏறக்குறைய அதுதான். பேச்சிலும் பரிகாசத்திலும் வரலாம். பரீட்சைக் கட்டுரையில் வந்தால் மார்க் குறையும்.

அன்றிரவு அகராதிகளைப் புரட்டினேன். 'சிதறு' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லே இதற்கு மூலம் என்று சில பண்டிதர்கள் வாதித்திருக்கிறார்கள். ஒருவரும் நிரூபித்தபாடில்லை. சொல் பிரபலமான வரலாறுதான் ருசிகரமானது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், 1861 ஜூலை 21-ஆம் தேதி, புல் ரன் என்ற இடத்தில் வடக்கத்திப் படை தோற்று, வாஷிங்டன் நகரை நோக்கித் தலைதெறிக்க ஓடிற்று. யுத்தத்தை வேடிக்கை பார்க்க வண்டி கட்டி வந்திருந்த பெரிய மனிதர்களும் கூடவே ஓடினார்கள். மூன்று வாரம் ஆகவில்லை. ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் பத்திரிகை யொன்று இந்தச் சொல்லை அச்சிட்டது. யாரைக் குறித்து? ஓடிய தெற்கத்தியாரைக் குறித்து! தம்மவர் ஓட்டத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை போலும்.

ஆனால் சொல் வீடு திரும்பிற்று. 1863 மார்ச்சில் வடக்கே கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. முந்நூறு டாலர் கட்டினால் போக வேண்டியதில்லை. அது ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம். கட்ட முடியாதவர்களில் சிலர் எல்லை தாண்டிக் கானடாவுக்குப் போனார்கள். அவர்களுக்கு 'ஸ்கெடாடிலர்' என்று பெயர் சூட்டினார்கள். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் அவர்கள் ஒளிந்து குடியேறிய மேட்டுக்கு 'ஸ்கெடாடில் மேடு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மறுநாள் இவ்வளவையும் வகுப்பில் சொல்லி, முந்தின நாள் சொன்ன அர்த்தம் தவறு என்று ஒப்புக்கொண்டேன். பையன் நோட்டில் திருத்தி எழுதினான். பிறகு, "பணம் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தவர்களுக்கு என்ன பெயர், ஸார்?" என்றான்.

அகராதியில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.